வழி காணும் மூளை

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் செல்வோர் தம் வழியை எங்கே வைத்திருக்கிறார்கள்? கையிலுள்ள படத்திலா, கண்ணெதிரே தெரியும் மலையிலா, நெஞ்சிலா? மூளைக்குள் ஒரு நிலப்படம் எழுதப்படுவதை நரம்பியல் கண்டறிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்தப் படம் எவ்வாறு எழுதப்படுகிறது, எப்போது செழிக்கிறது, எப்போது மங்குகிறது என்பனவற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியின் மலைகளோடும் சாலைகளோடும் இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

சேலம் நகரில் சற்றே வெளி கிடைக்கும் இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால், பார்க்கும் திசையெல்லாம் மலை தென்படும். வடக்கே நகரமலை; தெற்கே ஜருகுமலை; மேற்கே கஞ்சமலை; கிழக்கே கோதுமலை. வடகிழக்கில் இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது சேர்வராயன் மலைத்தொடர். தெற்கு நோக்கிச் சென்றால் மலைகள் விலகிச் சமவெளி விரிகிறது. அங்கும் அடையாளங்களுக்குக் குறைவில்லை. நாமக்கல் நகரின் நடுவே கோட்டையைத் தலையில் தாங்கிய ஒற்றைப் பாறை. அதற்குக் கிழக்கே கொல்லிமலை. மேற்கே திருச்செங்கோட்டு மலை. அதற்கும் வடக்கே சங்ககிரிக் கோட்டை மலை.

இந்நிலத்து மக்கள் பலருக்குப் பிழைப்பு சாலையில் இருக்கிறது. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கு நாமக்கல்லும், லாரிப் போக்குவரத்துக்குச் சங்ககிரியும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடும் பெயர்பெற்றவை. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டே செல்கிறது. கைப்பேசியில் வரைபடம் வருவதற்கு முன்பே இவ்வூர்களின் ஓட்டுநர்கள், தமிழ் வழங்காத மாநிலங்களுக்கும், பெயர்ப்பலகையின் எழுத்தைப் படிக்க இயலாத ஊர்களுக்கும் சென்று, சரக்கை இறக்கிவிட்டு வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது எது? 'நினைவாற்றல்' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அந்த விடை தவறன்று, ஆனால் போதாது. எதை நினைவில் வைத்தார்கள் என்பதே கேள்வி.

வழி வேறு, படம் வேறு

நாமக்கல்லில் வாழும் ஒருவர் ராசிபுரத்திற்குப் பலமுறை சென்றிருக்கிறார். திருச்செங்கோட்டிற்கும் பலமுறை சென்றிருக்கிறார். ஆனால் ராசிபுரத்திலிருந்து நேரே திருச்செங்கோட்டிற்கு ஒருமுறையும் சென்றதில்லை என்று கொள்வோம். ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் அவரிடம், "திருச்செங்கோடு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் என்ன செய்வார்? ஒரு நொடி தயங்குவார்; பிறகு மேற்கில், சற்றே தெற்குச் சாய்வாகக் கையை நீட்டுவார். பெரும்பாலும் அந்தக் கை சரியான திசையையே காட்டும்.

இது எளிய செயலாகத் தோன்றுகிறது. ஆயினும் அவர் காட்டிய திசையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அந்தச் சாலையில் அவர் கால் பதிந்ததுமில்லை. வழி என்பது 'இந்த ஆலமரத்தில் இடப்பக்கம் திரும்பு, அந்தப் பாலத்தைக் கடந்து நேரே செல்' என்னும் கட்டளைகளின் கோவை மட்டுமே எனில், அவரால் "நாமக்கல்லுக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து போகலாம்" என்றுதான் கூற முடியும். அறிந்த இரண்டு வழிகளிலிருந்து அறியாத மூன்றாவதை அவர் பெற்றிருக்கிறார் என்றால், அவர் உள்ளத்தில் இருப்பது வழிகளின் பட்டியலன்று. ஊர்களை அவற்றின் இடத்தில் வைத்துக் காட்டும் படம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உளவியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. தூண்டலும் துலங்கலும் சங்கிலிபோல் கோக்கப்பட்டதே கற்றல் என்பது அவர்தம் கொள்கை. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்டு டோல்மன் அக்கொள்கையை எலிகளைக் கொண்டு சோதித்தார். வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதையின் முடிவில் உணவு வைத்து எலிகளைப் பழக்கினர். பின்னர் அப்பாதையை அடைத்துவிட்டு, கதிரவனின் கதிர்கள்போல் எல்லாப் பக்கமும் விரியும் பல புதிய பாதைகளை அமைத்தனர். பழைய பாதையை ஒட்டிய பாதைகளை எலிகள் நாடும் என்பது பழைய கொள்கையின் எதிர்பார்ப்பு. நிகழ்ந்தது வேறு. உணவு இருந்த இடத்தை நேராக நோக்கிய பாதையையே மிகுதியான எலிகள் தேர்ந்தன. எலியின் தலைக்குள் ஒரு நிலப்படம் இருக்கிறது என்று 1948ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் டோல்மன் எழுதினார். அந்தப் படம் மூளையின் எப்பகுதியில் இருக்கிறது என்பதை அறிய மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இடத்தைச் சொல்லும் செல்கள்

இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் உறுப்பு ஹிப்போகேம்பஸ். கிரேக்க மொழியில் இச்சொல் கடற்குதிரையைக் குறிக்கும். உருவ ஒற்றுமையால் வந்த பெயர் இது. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு ஹென்றி மொலைசன் என்பவருக்கு இருபுறத்து ஹிப்போகேம்பசின் பெரும்பகுதி அறுவை மருத்துவத்தால் நீக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நிகழ்ந்த எதையும் அவரால் நினைவில் இருத்த இயலவில்லை. புதிய நினைவுகள் உருவாகும் இடம் எது என்பதை உலகம் அறிந்தது அவர் இழப்பினால்தான்.

1971ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓ'கீஃப், தம் மாணவர் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியுடன் இணைந்து, எலியின் ஹிப்போகேம்பசில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தித் தனித்தனி நரம்புச்செல்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். எலி தன் விருப்பம்போல் உலவியது. அப்போது ஒரு விந்தை புலப்பட்டது. ஒரு செல், எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் படபடவெனத் துடித்தது. அவ்விடத்தை விட்டு அகன்றதும் அடங்கியது. மற்றொரு செல் வேறோர் இடத்தில் துடித்தது. எலி என்ன செய்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதையே அச்செல்கள் அறிவித்தன. அவற்றுக்கு 'இடச்செல்கள்' என்று பெயரிட்டனர்.

ஓர் ஊருக்கு ஒரு செல் என்று மூளை நிரந்தரமாகப் பங்கிட்டு வைத்திருக்கவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அவ்வாறாயின் நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநரின் மூளை சில ஆண்டுகளிலேயே நிரம்பிவிடும். எலியை வேறோர் அறைக்கு மாற்றினால் அதே செல் வேறோர் இடத்தைக் குறிக்கத் தொடங்குகிறது. சில செல்கள் வாளாவிருக்கின்றன. 'க' என்னும் எழுத்து 'கல்' என்னும் சொல்லிலும் வரும், 'கடல்' என்னும் சொல்லிலும் வரும். அடுத்துள்ள எழுத்துகளே பொருளை முடிவு செய்கின்றன. இடச்செல்களும் அவ்வாறே. எவையெவை சேர்ந்து துடிக்கின்றன என்னும் கூட்டே ஓர் இடத்தின் பெயர்.

பகலில் எலி நடந்த பாதையில் ஒன்றாகத் துடித்த செல்கள், பிறகு அது உறங்கும்போதும் ஒன்றாகத் துடிப்பதை 1994ஆம் ஆண்டு மாத்யூ வில்சனும் புரூஸ் மக்னாட்டனும் கண்டறிந்தனர். கற்ற வழியை மூளை உறக்கத்தில் மீண்டும் நடந்து பார்க்கிறது போலும். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பதைப் பெருமையாகக் கருதும் மாணவர்கள் இச்செய்தியைச் சற்றே நின்று படிக்கலாம்.

இடைப்புள்ளிக் கோலம்

'இங்கே இருக்கிறேன்' என்பதை இடச்செல் சொல்கிறது. 'இவ்வளவு தொலைவு வந்திருக்கிறேன்' என்பதை எது சொல்கிறது? நார்வே நாட்டின் டிரோன்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் ஆகிய இருவரும் அவர்தம் மாணவர்களும் ஹிப்போகேம்பசுக்குத் தகவல் வந்துசேரும் வாயிலாக அமைந்த எண்டோரைனல் புறணியில் இதற்கு விடை தேடினர். அங்கிருந்த ஒரு செல் ஓரிடத்தில் மட்டும் துடிக்காமல் பல இடங்களில் துடித்தது. முதலில் குழப்பமாகவே தோன்றியது. எலியை அகன்ற வெளியில் உலவவிட்டு, அச்செல் துடித்த இடங்களையெல்லாம் புள்ளிகளாகக் குறித்தபோது ஒழுங்கு வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டு அக்கண்டுபிடிப்பை வெளியிட்டனர்.

அந்த ஒழுங்கு தமிழர் வாசலில் அன்றாடம் காணக்கூடியதே. புள்ளிக் கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என இருவகை உண்டு. நேர்ப்புள்ளியில் ஒரு புள்ளிக்கு நேர்கீழே அடுத்த புள்ளி வரும். இணைத்தால் சதுரங்கள் தோன்றும். இடைப்புள்ளியில் மேல்வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே கீழ்வரிசைப் புள்ளி அமையும். சம இடைவெளியில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளிகள் நிற்கும். இணைத்தால் சமபக்க முக்கோணங்கள் தோன்றும். எலியின் மூளை தான் நடக்கும் தரையில் வைத்த புள்ளிகள் இடைப்புள்ளிகளாகவே இருந்தன. இவற்றை 'வலைச்செல்கள்' என்பர். சில செல்களின் புள்ளிகள் நெருங்கியும், வேறு சிலவற்றின் புள்ளிகள் அகன்றும் இருக்கின்றன. சிறிதும் பெரிதுமான பல கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எந்த இடத்தையும் பிறிதோர் இடத்தோடு மயங்காமல் குறித்துவிட முடியும்.

வெளிச்சம் இல்லாதபோதும் இக்கோலம் அழிவதில்லை. எடுத்து வைத்த அடிகளையும் திரும்பிய திருப்பங்களையும் கணக்கிட்டு மூளை அதை நீட்டிக்கொண்டே செல்கிறது. மின்வெட்டு நேர்ந்த இரவில் சொந்த வீட்டில் எழுந்து சென்று தீப்பெட்டியை எடுப்பவர் இக்கணக்கையே நம்பி நடக்கிறார். ஆனால் ஒவ்வோர் அடியிலும் சிறுபிழை சேரும். நான்கு எட்டுக்குப் பின் கை தானாகச் சுவரைத் தேடும். கதவுநிலை கைக்குத் தட்டுப்பட்டதும் கணக்கு சரியாகிவிடும். சுவர், விளிம்பு, வரப்பு போன்ற எல்லைகளை அணுகும்போது மட்டும் துடிக்கும் 'எல்லைச்செல்களும்' மோசர் குழுவினரால் 2008இல் கண்டறியப்பட்டன.

மூளையின் இருப்பிடங்காட்டியைக் கண்டறிந்தமைக்காக 2014ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மலைகளும் திசையும்

கோலம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அதை எத்திசையில் விரிப்பது என்று தெரியாவிட்டால் பயனில்லை. அதற்கென ஒருவகைச் செல்கள் உள்ளன. 1984ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராங்க் இவற்றை எலியில் கண்டார். தலை எத்திசையை நோக்குகிறதோ அத்திசைக்குரிய செல் துடிக்கும். தலை திரும்பினால் வேறொரு செல் துடிக்கும். நின்றாலும் நடந்தாலும், அறையின் எம்மூலையில் இருந்தாலும் இது மாறுவதில்லை. காந்த ஊசியைப்போல் தோன்றினாலும் இச்செல்கள் புவிக்காந்தத்தை நம்பியிருப்பவை அல்ல. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை நம்பியிருக்கின்றன. இதை ஒரு சிறு சூழ்ச்சியால் மெய்ப்பித்தனர். வட்டமான அறையின் சுவரில் ஒரே ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டு எலியைப் பழக்கினர். பின்னர் எலி அறியாமல் அட்டையை வேறு பக்கத்திற்கு மாற்றினர். செல்கள் எல்லாமும் அட்டை நகர்ந்த அளவுக்கே தம் திசையை மாற்றிக்கொண்டன.

விடியற்காலையில் பேருந்தில் கண்விழித்து, அறிந்த ஊரின் நிறுத்தத்தில் இறங்கியும், சூரியன் வடக்கே உதிப்பதுபோல் மயங்கியவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அம்மயக்கத்தில் கடைவீதி மட்டும் இடம் மாறுவதில்லை; ஊர் முழுவதும் ஒருங்கே திரும்பிவிட்டதாகத் தோன்றும். தெரிந்த கோபுரமோ மலையோ கண்ணில் பட்டதும் எல்லாம் ஒரே நொடியில் தத்தம் இடத்திற்கு வந்துவிடும்.

அருகிலுள்ள பொருளைவிடத் தொலைவிலுள்ள பொருளையே இச்செல்கள் பெரிதும் பற்றிக்கொள்கின்றன. காரணம் எளிது. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் செல்லும் பேருந்தில் வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தவருக்குச் சாலையோரப் புளியமரம் முன்னே தோன்றி, எதிரே வந்து, பின்னே மறையும். ஒரு மணித்துளிக்குள் அதன் திசை முற்றிலும் மாறிவிடும். கொல்லிமலையோ உடன்வருவதுபோல் நெடுநேரம் கிழக்கிலேயே நிற்கும். திசையை நிலைநிறுத்த மரத்தைவிட மலையே தக்கது. நாற்புறமும் மலை சூழ்ந்த சேலத்தைவிட இதற்குப் பொருத்தமான நிலம் தமிழ்நாட்டில் அரிது.

கீழும் மேலும்

தமிழின் திசைப்பெயர்களிலும் நிலம் இருக்கிறது. கீழ் என்னும் சொல்லடியாகக் கிழக்கும், மேல் என்னும் சொல்லடியாக மேற்கும் பிறந்தன. மேற்கில் மலை உயர்ந்தும் கிழக்கில் கடலை நோக்கி நிலம் தாழ்ந்தும் இருப்பதைக் கண்டவர்கள் வைத்த பெயர்கள் இவை.

கொங்கு நாட்டு வேளாண் குடும்பங்களில் இப்பெயர்கள் பயணத்திற்கு மட்டும் உரியவை அல்ல. ஒரே குடும்பத்தின் நிலங்கள் 'மேக்காலத் தோட்டம்', 'கிழக்காலக் காடு' என்றே வழங்கும். கட்டிலை நகர்த்துபவரிடம், "இன்னுங் கொஞ்சம் வடக்கால தள்ளு" என்பார் பாட்டி. தலையை வடக்கே வைத்துப் படுக்கக் கூடாது என்னும் வழக்கத்தால், உறவினர் வீட்டுக்கு விருந்து சென்ற சிறுவனும் உறங்கும்முன் வடக்கு எது என்று கேட்டாக வேண்டும். அந்த வழக்கத்திற்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஆயினும் நாள்தோறும் தவறாமல் திசையை வினவச் செய்யும் பயிற்சி என்ற அளவில் அதற்கு ஒரு பயன் இருந்திருக்கிறது.

'இடப்பக்கம்' என்னும் சொல் பேசுபவரின் உடலோடு சேர்ந்து சுழலும். அவர் திரும்பினால் அதுவும் திரும்பும். 'கிழக்கு' யாருக்காகவும் திரும்பாது. ஆகவே இடவலத்தால் பேசுபவர் நிலத்தை மறந்துவிட்டும் பேசலாம். திசையால் பேசுபவருக்கு, அறைக்குள் இருக்கும்போதும் வெளியுலகம் எப்பக்கம் கிடக்கிறது என்னும் உணர்வு ஓய்வின்றி வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

இவ்வேறுபாடு பேச்சோடு நின்றுவிடுகிறதா, சிந்தனையையும் தொடுகிறதா? நெதர்லாந்து நாட்டின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பெடர்சன் 1990களில் தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்தார். அவ்வகைச் சோதனைகளுள் ஒன்று வருமாறு: மேற்கு நோக்கி அமர்ந்தவரின் எதிரே, மேசைமேல் பொம்மை விலங்குகள் வரிசையாக வலப்பக்கம் நோக்கி நிற்கின்றன. வலப்பக்கம் என்பது அப்போது வடக்கு. அவரைக் கிழக்கு நோக்கித் திருப்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை அமைக்கச் சொல்கின்றனர். இப்போது வலம் தெற்காகிவிட்டது. வலப்பக்கம் நோக்கி விலங்குகளை நிறுத்துபவர் தம் உடலைக் கொண்டு நினைவில் வைத்தவர். வடக்கு நோக்கி நிறுத்துபவர் நிலத்தைக் கொண்டு நினைவில் வைத்தவர். அன்றாடப் பேச்சில் திசைப்பெயர்களை ஆளும் ஊரகத் தமிழர் திசையைக் காக்கவும், இடவலத்தை ஆளும் நகரத் தமிழர் இடவலத்தைக் காக்கவும் நாட்டம் காட்டினர். இருசாராரும் பேசுவது ஒரே மொழி. வேறுபட்டது பழக்கமே.

தெரியுமா?

காற்றுக்கும் திசைப்பெயர் வைத்தது தமிழ். வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வீசுவது தென்றல். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கோடை.

பயன்பாட்டால் வளரும் உறுப்பு

லண்டன் மாநகரில் கறுப்பு நிற வாடகை மகிழுந்து ஓட்ட உரிமம் பெறுவது எளிதன்று. நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸ் என்னும் இடத்தைச் சுற்றி ஆறு மைல் வட்டத்திலுள்ள சுமார் 25,000 தெருக்களையும் அவற்றை இணைக்கும் வழிகளையும் உள்ளத்தில் பதித்துத் தேர்வில் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பலர் இடையிலேயே கைவிடுவர்.

2000ஆம் ஆண்டு எலினார் மெக்வயரும் உடன் ஆய்வாளர்களும் அவ்வோட்டுநர் 16 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்துப் பிறருடைய படங்களோடு ஒப்பிட்டனர். ஓட்டுநர்களின் ஹிப்போகேம்பசில் பின்பகுதி பருத்திருந்தது. பணியாண்டு கூடக் கூட அப்பருமனும் கூடியிருந்தது. முன்பகுதியோ பிறரைவிடச் சிறுத்திருந்தது. ஒன்றை வளர்த்தால் மற்றொன்றில் விலை கொடுக்க நேரும் என்பதை இது காட்டுகிறது.

நாள் முழுவதும் வண்டி ஓட்டுவதே இதற்குக் காரணமாகலாமே என்னும் ஐயம் இயல்பானது. 2006ஆம் ஆண்டு அதே குழுவினர் லண்டன் பேருந்து ஓட்டுநர்களை ஒப்பிட்டனர். நெரிசலும் அலுப்பும் இருவருக்கும் ஒன்றே. ஆனால் பேருந்து, வகுத்த தடத்திலேயே செல்லும். வாடகை மகிழுந்து ஓட்டுநரிடம் கண்ட வளர்ச்சி பேருந்து ஓட்டுநரிடம் காணப்படவில்லை. பெரிய ஹிப்போகேம்பஸ் உடையவர்களே அத்தொழிலுக்கு வருகிறார்கள் போலும் என்னும் மறுப்புக்கும் 2011இல் விடை கிடைத்தது. பயிற்சியைத் தொடங்கிய 79 பேரை முதலிலேயே படமெடுத்து வைத்தனர். அவர்களுள் தேர்வில் வென்றவர் 39 பேர். ஆண்டுகள் கழித்து மீண்டும் படமெடுத்தபோது, வென்றவர்களிடம் மட்டுமே வளர்ச்சி தெரிந்தது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் பணியும் வகுத்த தடத்தில் செல்லும் பணியன்று. இன்று ஒரு சிற்றூரில் ஒரு தோட்டம்; நாளை வேறு மாவட்டத்தில், சில நேரங்களில் வேறு மாநிலத்தில், முகவரி இல்லாத ஒரு மேட்டுக்காடு. கேட்டுக் கேட்டுச் சென்று, இருட்டில் துளையிட்டு, வேறொரு வழியில் வெளியேறுகிறார்கள். ஒவ்வொரு பணியும் மூளைக்கு ஒரு புதிய படம்.

சொன்ன வழியில் செல்லுதல்

சேலத்தில் மூன்று ரோடு, நாலு ரோடு, ஐந்து ரோடு என்றே பெயர் பெற்ற சந்திப்புகள் உண்டு. ஐந்து ரோட்டில் முதன்முறையாக வந்து நிற்பவரின் மூளையில் என்ன நிகழும்? ஏறக்குறைய இதே கேள்வியை 2017ஆம் ஆண்டு லண்டனில் ஹியூகோ ஸ்பியர்சும் அவர் குழுவினரும் கேட்டனர். சோகோ என்னும் பகுதியின் தெருக்களைத் திரையில் காட்டி, தன்னார்வலர் 24 பேரை அவற்றில் வழிகண்டு செல்லச் செய்து மூளையைப் படமெடுத்தனர். தாமே வழி தேடியபோது, புதிய தெருவில் நுழையுந்தோறும் ஹிப்போகேம்பசின் செயல்பாடு எழுந்தது; அத்தெருவிலிருந்து பிரியும் வழிகள் மிகுதியாக இருந்தால் எழுச்சியும் மிகுதியாக இருந்தது. கருவி காட்டிய வழியில் சென்றபோது அந்த எழுச்சி இல்லை. ஐந்து சாலைகள் கூடும் இடமும் ஒற்றைச் சாலையும் மூளைக்கு ஒன்றாகிவிட்டன.

கருவி சொன்ன வழியில் திரும்பத் திரும்பச் செல்லும்போது காடேட் உட்கரு என்னும் வேறொரு பகுதி பொறுப்பேற்கிறது. 'இங்கே வந்தால் இப்படித் திரும்பு' என்னும் பழக்கத்தைப் பற்றுவது அதன் தொழில். அதுவும் தேவையானதே, நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் வழியில் யாரும் நிலப்படத்தை விரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் பாலம் உடைந்து வழி அடைபட்டால் பழக்கம் கைகட்டி நிற்கும். படமே மாற்றுவழி சொல்லும். கருவியை மிகுதியாக நம்பிய ஓட்டுநர்களின் இட நினைவு, மூன்றாண்டு இடைவெளியில் பிறரைவிட விரைந்து குறைந்ததாகக் கனடாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2020இல் தெரிவித்தது. மறுமுறை சோதிக்கப்பட்டோர் 13 பேரே என்பதால் அதை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் லண்டன் ஆய்வுகளோடு சேர்த்துப் படிக்கையில் அதைப் புறந்தள்ளவும் இயலாது.

வளரும் சூழலும் இதில் பங்கு பெறுகிறது. 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் கைப்பேசி விளையாட்டு ஒன்றின் வழியாகப் பங்கேற்ற ஆய்வு 2022இல் வெளியானது. நகருக்கு வெளியே வளர்ந்தோர் பொதுவாக வழிகாண்பதில் சிறந்திருந்தனர். சதுரங்கப் பலகைபோல் நேர்க்கோட்டுத் தெருக்களைக் கொண்ட நகரங்களில் வளர்ந்தோரிடம் குறை கூடுதலாகத் தெரிந்தது. வளைந்தும் முடங்கியும் செல்லும் சந்துகளைச் சலித்துக்கொள்வோர் அதிகம். சிறுவர்களின் மூளைக்கு அவை நல்ல ஆசிரியர்கள்.

நான்கு மலைகள்

முதுமையில் வரும் அல்சைமர் நோயில் முதலில் சிதைவுறும் பகுதிகளுள் ஒன்று எண்டோரைனல் புறணி. வலைச்செல்கள் வாழும் இடம் அதுவே. ஆகவே பெயர்களையும் முகங்களையும் மறப்பதற்கு முன்பே வழி தடுமாறத் தொடங்கலாம்.

சொந்த ஊரில் இருக்கும்வரை இது வெளியே தெரிவதில்லை. அறுபது ஆண்டுகள் நடந்த வழியில் கால்களின் பழக்கமே அவரை நடத்திச் செல்லும். மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ குடிபெயர்ந்து சேலத்தின் புதிய குடியிருப்புக்கு வந்த பின்னரே குறை வெளிப்படும். மாதங்கள் கடந்தும் இரண்டாம் தெருவிலுள்ள கடைக்குச் சென்று திரும்ப இயலாது. "கவனம் இல்லை", "வெளியே போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை" என்று வீட்டார் கடிந்துகொள்வார்கள். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடுவது எல்லா வயதினருக்கும் நேர்வது, அது நோயன்று. நன்கு அறிந்த வழியில் திகைத்து நிற்பதும், புதிய சூழலின் எளிய வழியைக்கூடக் கற்க முடியாமற்போவதும் வேறு. அவற்றைக் கண்டால் முதியவரைக் கடிந்துகொள்ளாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அத்தகையோரைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவும் சோதனைகளுள் ஒன்றின் பெயர் 'நான்கு மலைச் சோதனை'. டாம் ஹார்ட்லியும் உடன் ஆய்வாளர்களும் லண்டனில் உருவாக்கியது. கணினி வரைந்த நிலக்காட்சி ஒன்றைச் சில நொடிகள் காட்டுவர்; அதில் உருவமும் உயரமும் வேறுபட்ட நான்கு மலைகள் இருக்கும். பிறகு நான்கு படங்களைக் காட்டி, முதலில் கண்ட அதே இடம் எது என்று கேட்பர். விடையாகிய படமும் முன்பு கண்டதுபோல் இராது. அதே நிலத்தை வேறொரு பக்கத்தில் நின்று, வேறொரு பொழுதின் ஒளியில் பார்த்ததாக இருக்கும்.

சேலத்தில் வாழ்பவருக்குக் கஞ்சமலை மேற்கில் இருக்கிறது; மறுபுறம் உள்ள இளம்பிள்ளையின் நெசவாளருக்கு அதே மலை கிழக்கில் இருக்கிறது. ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்பவர் இரண்டு தோற்றங்களையும் ஒரே மலையாக இணைத்துக்கொள்கிறார். ஹிப்போகேம்பஸ் நலமாக இருப்பவர் சோதனைப் படத்திலும் இதையே செய்கிறார். மலைகளின் நிறத்தையும் ஒளியையும் மட்டும் நினைவில் வைத்தவர் தவறிவிடுகிறார்; எந்த மலை எதற்கு அப்பால் நின்றது என்பதை வைத்திருந்தவர் சரியான படத்தின்மேல் விரலை வைக்கிறார்.